பெயர் அறிந்தபின் பராமரிப்பு

நெசவாளராகிய நமது அங்கத்தினர் எவரும் நூலின் நம்பர் தெரியாமல் பாவு ஓட்டுவதில்லை. 60-ஆம் நம்பர் நூலுக்கு உரிய அச்சில் 40-ஆம் நம்பர் நூலைக் கோத்தால் என்ன நேரும் என்பதை அவருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கைக்கு வந்த இழை பட்டுத்தானா என்ற ஐயம் எழுந்தால், அதன் நுனியைக் கொளுத்தி முகர்ந்து பார்க்கிறார். மயிர் கருகும் நாற்றம் வந்தால் பட்டு. காகிதம் கருகும் நாற்றம் வந்தால் பருத்தி. உருகித் திரண்டு கெட்டிப்பட்டால் செயற்கை இழை. பொருள் இன்னதென்று துணிந்த பின்னரே வேலையைத் தொடங்குவது தொழில் அறிந்தோர் வழக்கம்.

வீட்டுத் தோட்டம் என்று வரும்போது மட்டும் இவ்வழக்கம் கைவிடப்படுகிறது. சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் இடங்களில், அலுவல் முடிந்த பிறகு அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, “செடி வாடுகிறது, என்ன உரம் போடலாம்?” என்பது. என்ன செடி என்று நாம் திருப்பிக் கேட்டால், பெரும்பாலும் மூன்று விடைகளில் ஒன்றே கிடைக்கிறது: “யாரோ கொடுத்தார்கள்”, “தானாக முளைத்தது”, “வீடு வாங்கும்போதே இருந்தது”. பெயர் தெரியாத செடிக்குச் சொல்லும் பக்குவம், நோய் இன்னதென்று தெரியாமல் கொடுக்கும் மருந்தை ஒக்கும். ஒருகால் பலிக்கலாம், பல கால் பொருளையும் உழைப்பையும் வீணாக்கும், சில கால் உயிருக்கே தீங்காய் முடியும். ஆகவே, அறியாத செடியை அறிந்துகொள்வது எவ்வாறு, அறிந்தபின் அதனைப் பேணுவது எவ்வாறு என்பவற்றை இங்கு ஒழுங்குபடக் கூற முற்படுகிறோம்.

அஸ்தம்பட்டித் தோட்டங்கள்

உதாரணத்திற்கு அஸ்தம்பட்டியை எடுத்துக்கொள்வோம். சேலம் நகரத்தின் வடபுறம், ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில் அமைந்தது இப்பகுதி. இன்று சேலம் மாநகராட்சியின் மண்டலங்களுள் ஒன்றுக்கும் இதுவே பெயர். சேலம் சமவெளி கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காடோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலைக்குச் சென்று திரும்புவோர் தொட்டிகளில் செடிகளைக் கொண்டு இறங்குகின்றனர். மலையின் குளிர்ச்சியில் செழித்த செடி, சித்திரை வெயிலில் ஒரே மாதத்தில் கருகிவிடுகிறது. செடியின் மீதும் குற்றமில்லை, உரத்தின் மீதும் குற்றமில்லை. அது எங்கு வாழும் செடி என்பதை அறியாததே குற்றம்.

காப்பிச் செடியை நோக்குக. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைப் பயிரிடச் செய்தார். அங்கே மரநிழலும் குளிர் காற்றும் இருந்தமையால் அது நிலைத்தது. அதே செடியை அஸ்தம்பட்டியில் மொட்டை வெயிலில் வைத்துவிட்டு இலை கருகுகிறதே என்று யூரியா இடுவோமாயின், கருகும் வேகம் மிகுமேயன்றிக் குறையாது.

மலையிலிருந்து வருவன ஒருபுறமிருக்க, வண்டியில் வரும் செம்மண்ணோடும் தொழுவுரத்தோடும் விதைகள் வருகின்றன. பறவைகள் சில விதைகளைக் கொணர்கின்றன. நாற்றுப் பண்ணைகள் ஆண்டுதோறும் புதுப்புதுப் பெயர்களில் அலங்காரச் செடிகளை விற்கின்றன. ஆதலால், நாம் நடாத செடிகளும், நட்டும் பெயர் அறியாத செடிகளும் ஒவ்வொரு தோட்டத்திலும் இருப்பதில் வியப்பில்லை.

வழக்குப் பெயர் மட்டும் போதாது

ஊரார் சொல்லும் பெயர் முதல் படி, அதுவே முடிவன்று. ஒரே செடிக்குப் பல பெயர்கள் உண்டு. பல செடிகளுக்கு ஒரே பெயரும் உண்டு.

அரளி என்ற பெயரைக் காண்போம். செந்நிறமும் வெண்ணிறமுமாகப் பூக்கும் அரளி ஒன்று. பொன்னரளி அல்லது மஞ்சள் அரளி என்பது வேறு ஒன்று. ஈழத்தலரி என்று வழங்கும் பருத்த கிளையுடைய சிறுமரம் பிறிதொன்று. இவை யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையெனினும் ஒரே செடியல்ல. அரளியில் கணுவுக்கு மூன்று இலைகள் தண்டைச் சுற்றி நிற்கும். பொன்னரளியில் இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாய்ச் சுற்றி ஏறும். கிள்ளினால் வெண்பால் வடியும். பச்சைநிறக் காய்க்குள் கெட்டியான கொட்டை இருக்கும். ஈழத்தலரியில் பெரிய இலைகள் கிளை நுனியில் கொத்தாக நிற்கும். வறண்ட காலத்தில் அவை உதிர்ந்து மரம் மொட்டையாகும்.

இக்குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு செடியை நாற்றுப் பண்ணைகளில் ‘பாலைவன ரோஜா’ என்ற பெயரில் விற்கிறார்கள். அதன் தாவரப் பெயர் அடீனியம். ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் வறண்ட நிலத்தில் வாழ்வது. அது ரோஜா அன்று; அரளிக்கு உறவு. பெயரை நம்பி ரோஜாவுக்கு ஊற்றுவதுபோல் நாள்தோறும் தண்ணீர் ஊற்றுவோர் பலர். பருத்த அடித்தண்டு மெத்தென்றாகி அழுகிய பிறகு, “நன்றாகத்தான் கவனித்தோம்” என்று வருந்துகிறார்கள். தவறான பெயர் தவறான பக்குவத்திற்கு வழிகாட்டியதே இதற்குக் காரணம். மண் நன்கு காய்ந்த பிறகு நீர் விட்டு, முழு வெயிலில் வைத்தால் அது பல்லாண்டு நிற்கும். அதன் பாலும் நஞ்சு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

நெசவாளர்களுக்கு நேரே பயன்படும் உதாரணம் ஒன்று கூறுவோம். இயற்கைச் சாயத்தில் ஆர்வமுள்ள அங்கத்தினர்கள் நீலச் சாயத்திற்காக அவுரியைத் தேடுகின்றனர். தரிசிலும் வரப்பிலும் அதனைப் போலவே தோன்றும் கொழிஞ்சி மலிந்து கிடக்கிறது. இரண்டும் அவரைக் குடும்பம். இரண்டிற்கும் சிறுசிறு இலைகள் ஒரே காம்பில் இரு வரிசையாக அமையும். இரண்டின் பூவும் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தது. ஆயினும் கொழிஞ்சியின் சிற்றிலையை நுனி பற்றி இழுத்தால், அது நேராகக் கிழியாமல் அம்பின் முனைபோல் கோணமாக அறும். அதன் காய் தட்டையானது. அவுரியின் காயோ உருண்டு மெலிந்தது. கொழிஞ்சி வயலுக்குச் சிறந்த பசுந்தாள் உரம். ஆயினும் சாயத் தொட்டியில் எவ்வளவு ஊறவைத்தாலும் நீலம் தராது. இவ்வொரு சோதனையை அறிந்தவர் ஒரு நாள் உழைப்பை மிச்சப்படுத்துவார்.

பார்க்க வேண்டிய முறை

அறியாத செடியை அறிய முற்படுவோர் பூவைப் பார்த்தவுடன் முடிவு கட்டலாகாது. கீழ்க்கண்ட வரிசையில் பார்த்தல் நலம்.

முதலாவது, செடியின் உருவம். மரமா, புதரா, கொடியா, ஓராண்டில் முடியும் பூண்டா?

இரண்டாவது, தண்டு. உருண்டதா, நாற்சதுரமானதா? துளசி, தும்பை முதலியவற்றின் இளந்தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் நான்கு முனைகள் தட்டுப்படும். இதுவே ஒரு பெருங்குடும்பத்தின் அடையாளம்.

மூன்றாவது, இலைகள் தண்டில் அமைந்த விதம். எதிரெதிராகவா, ஒன்றுவிட்டு ஒன்றாகவா, வட்டமாகவா? தனி இலையா, பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலையா?

நான்காவது, கிள்ளினால் வருவது. பாலா, நீரா, பிசினா? இலையைக் கசக்கினால் மணம் உண்டா? முகரலாம், சுவைத்தல் கூடவே கூடாது. சோதித்தபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். கையில் பால் பட்டிருக்கும்போது கண்ணைத் தொடலாகாது.

ஐந்தாவது, பூவும் காயும். இதழ்கள் எத்தனை, தனித்தவையா, இணைந்து குழலானவையா? காய் எங்கே தோன்றுகிறது? கீழாநெல்லியில் இலைவரிசைக்குக் கீழே சிறு நெல்லிக்காய்கள் போன்று காய்கள் வரிசையாகத் தொங்குவதை யாவரும் அறிவர். பெயரே அடையாளத்தைச் சொல்கிறது.

ஆறாவது, மண்ணுக்குக் கீழே உள்ளது. ஆணிவேரா, சல்லிவேரா, கிழங்கா?

இந்த ஆறையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டால் பெயரைக் காண்பதில் பாதி வேலை முடிந்தது என்னலாம்.

அறியாமையால் விளையும் ஆபத்து

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்பனவும் அதற்கே பெயர்கள். இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக நீண்டிருப்பது அதன் தவறாத அடையாளம். பூவிதழ் மஞ்சளும் சிவப்புமாய் நெருப்புச் சுவாலைபோல் மேல்நோக்கி வளையும். மழைக்கு முளைத்து, பூத்துக் காய்த்து, பின் கொடி முழுவதும் காய்ந்துவிடும். செடியை அறியாதவர் அது பட்டுப்போனதென்று எண்ணித் தண்ணீரை மேலும் மேலும் விடுவார்; உறங்கும் கிழங்கு அழுகிவிடும். அறிந்தவர் கொடி காய்ந்ததும் நீரை நிறுத்திவிட்டு அடுத்த மழைக்காகக் காத்திருப்பார்.

இதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. காய்ந்த கொடியடியில் மண்ணைத் தோண்டும்போது கலப்பை வடிவில் கிழங்கு கிடைக்கும். இதனை உண்ணத்தக்க கிழங்கென எண்ணிச் சமைத்து உயிரிழந்தோர் உண்டு. இலங்கையில் இதனை வள்ளிக்கிழங்கென்று மயங்கி உண்டு நஞ்சேறியவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியுள்ளனர். இதிலுள்ள கோல்ச்சிசின் என்னும் பொருள் அளவறிந்து தந்தால் மூட்டுவாத மருந்து. அளவு மீறினால் கொடிய நஞ்சு. தாராபுரம், மூலனூர்ப் பகுதிகளில் இதன் விதைக்காக உழவர்கள் இதனைப் பயிரிடுகின்றனர். அவர்கள் அதன் தன்மையை அறிந்து கையாளுகின்றனர். ஒரே செடி அறிந்தவர் கையில் வருமானமாகவும், அறியாதவர் கையில் அபாயமாகவும் இருப்பதை இதனால் உணரலாம்.

அரளியும் அவ்வாறே. நமது மாவட்டத்தில் பனமரத்துப்பட்டிப் பக்கத்து உழவர்கள் அரளிப் பூவை விற்றே குடும்பம் நடத்துகின்றனர். ஆகவே அரளியை வெறுத்து வெட்டியெறிய வேண்டுவதில்லை. ஆனால் அதன் இலை, பூ, பட்டை, வேர் ஆகிய யாவும் நஞ்சு. கவாத்துச் செய்த கிளைகளை ஆடுமாடுகள் எட்டும் இடத்தில் போடலாகாது, அடுப்பெரிக்கவும் ஆகாது. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்ப்பதை நிறுத்தியது. பூமாலைக்கு உரியது வேறு, வாயில் இடுவதற்கு உரியது வேறு என்பதே இதன் பொருள். பொன்னரளியின் கொட்டையையும் காட்டாமணக்கின் விதையையும் சிறுவர்கள் தின்பண்டமென்று உண்பதுண்டு. பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் இவ்விரண்டும் வேண்டாம்.

எவரேனும் அறியாத செடியை உண்டுவிட்டால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். அப்போது அச்செடியின் கிளை ஒன்றையும், கிடைத்தால் காயையும் உடன் எடுத்துச் செல்க. செடியின் பெயர் தெரிந்தால் மருத்துவருக்கு வழி தெளிவாகும்.

உண்ணாமலே தீங்கு செய்யும் செடி பார்த்தீனியம். 1950-களின் நடுவில் பூனா நகரில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. இளஞ்செடியின் வெட்டுண்ட இலைகளைப் பார்த்துச் செவ்வந்தி நாற்றென்று எண்ணி நீரூற்றி வளர்த்தோரும் உண்டு. சிறு வெண்பூங்கொத்து வந்தபின்னரே உண்மை தெரியும். அதற்குள் விதை பரவத் தொடங்கிவிடும். பலருக்கு இது தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் உண்டாக்குகிறது. பூக்கும் முன்னரே, கையுறை அணிந்து வேருடன் பிடுங்க வேண்டும். பூத்த செடியைக் குப்பைக் குழியில் இடலாகாது. இச்செடியின் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டினை 1984-ஆம் ஆண்டு பெங்களூரில் விட்டனர். தோட்டத்தில் பார்த்தீனிய இலையின்மீது அவ்வண்டைக் கண்டால் பயிர்ப்பூச்சியென்று எண்ணிக் கொல்லாதீர்கள்.

ஒரே அடையாளம், வெவ்வேறு காரணம்

பெயர் தெரிந்தபின் பராமரிப்பு எளிதாகும் என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். “இலை உதிர்கிறது” என்ற ஒரே முறையீட்டுடன் நால்வர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல்வரின் செடி ஈழத்தலரி, மாதம் மாசி. அது அதன் இயல்பு. ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. இரண்டாமவர் செடி அடீனியம், அடித்தண்டு மெத்தென்றிருக்கிறது. நீரை நிறுத்தி, அழுகலை அறுத்தெடுத்து, காயம் உலர்ந்தபின் புது மணலில் நடவேண்டும். மூன்றாமவர் செடி மலைக் காப்பி. நிழலுக்கு மாற்றி, வேரடியில் இலைதழை மூடாக்கு இடவேண்டும். நான்காமவர் செடி செம்பருத்தி. நுனிகள் சுருண்டு வெண்மாவு பூசியதுபோல் இருக்கிறது. அது மாவுப்பூச்சியின் வேலை. நால்வருக்கும் ஒரே உரத்தைச் சொல்பவர் ஒருவருக்கேனும் உதவியவர் ஆகார்.

ஆகவே பக்குவம் கேட்பவரும் சொல்பவரும் பெயருக்கு அடுத்து ஐந்து செய்திகளைப் பேசிக்கொள்ள வேண்டும்: வெயில் எவ்வளவு, நீர் எவ்வளவு நாளைக்கொருமுறை, மண் எத்தகையது, மாதம் எது, கடைசியாக என்ன இட்டார்கள் அல்லது வெட்டினார்கள். இவையின்றிக் கூறும் ஆலோசனை குறி பாராமல் எய்த அம்பு.

மாவுப்பூச்சி கற்பித்த பாடம்

செடியின் பெயரைப் போலவே, செடியைத் தாக்கும் பூச்சியின் பெயரும் தெரிய வேண்டும் என்பதைச் சேலம், நாமக்கல் மரவள்ளி விவசாயிகள் பெரும் நஷ்டத்தின்பின் கற்றனர். 1981-இல் தொடங்கப்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாக ஜவ்வரிசியும் மாவும் விற்கும் இப்பகுதிக்கு மரவள்ளி உயிர்நாடி என்பதை அங்கத்தினர்கள் அறிவர்.

2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளியின்மீது ஒரு வெள்ளை மாவுப்பூச்சி காணப்பட்டது. பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, செம்பருத்தி, பருத்தி, மல்பெரி என்று அது பரவியது. மல்பெரி பாழானமையால் பட்டுப்புழு வளர்ப்போரும் அல்லலுற்றனர். பட்டு நெய்யும் நமக்கும் அது அயலார் துன்பமன்று. மருந்து அடித்தவர்கள் அடித்துக்கொண்டே இருந்தனர். மேலே படிந்த மெழுகுப் பூச்சு பூச்சியைக் காத்தது. ஆய்வாளர்கள் அதனைப் ‘பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ்’ என்னும் பப்பாளி மாவுப்பூச்சி என்று துணிந்ததும் வழி திறந்தது. அது மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. ஆகவே அதன் இயற்கை எதிரியும் அப்பக்கத்தில் இருந்தது. அதனை அழிக்கும் சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் 2010-ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்டு, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலையங்கள் வழியாகத் தமிழ்நாடெங்கும் விடப்பட்டன. மருந்தால் அடங்காதது குளவியால் அடங்கியது.

பத்தாண்டுகள் கழித்து, 2020-ஆம் ஆண்டு, கேரளத்துத் திருச்சூரில் மரவள்ளியில் மீண்டும் மாவுப்பூச்சி தோன்றியது. பின் நமது வயல்களுக்கும் வந்தது. பார்வைக்கு அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. ஆனால் இது ‘பினோகாக்கஸ் மானிஹோட்டி’ என்னும் வேறு பூச்சி. மெழுகின் அடியில் உடல் இளஞ்சிவப்பாக இருக்கும். பப்பாளிப் பூச்சியின் உடலோ மஞ்சள். இது தாக்கிய மரவள்ளியின் நுனி குறுகி, இலைகள் முட்டைக்கோசு போல் கொத்தாகும். பழைய குளவி இதற்கு உதவாது. இதற்குரிய ‘அனாகைரஸ் லோபெசி’ என்னும் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூர் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் அமைப்பு வரவழைத்துப் பெருக்கிற்று. 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நமது சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது விவசாயிகளுக்காக விடப்பட்டது.

அக்குளவி ஆப்பிரிக்காவிற்கு வந்த வரலாறும் கேட்கத்தக்கது. 1970-களில் ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான மக்களின் உணவாகிய மரவள்ளியை இதே பூச்சி அழித்தது. 1977-இல் அதற்குப் பெயரிட்டனர். மரவள்ளியின் தாயகமாகிய தென் அமெரிக்காவில் எதிரியைத் தேடியவர்கள், முதலில் வடபகுதியில் ஒரு மாவுப்பூச்சியைக் கண்டனர்; அதன் குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியின்மீது நிலைக்கவில்லை. நெருங்கி ஆராய்ந்தபோது அது தோற்றத்தில் ஒத்த வேறு இனமென்று தெரிந்தது. உண்மையான பூச்சி 1981-இல் பராகுவே நாட்டில் கிடைத்தது. அதனுடன் அதற்குரிய குளவியும் கிடைத்தது. அவ்வாண்டே அது நைஜீரியாவில் விடப்பட்டுப் பெரும் பஞ்சத்தைத் தடுத்தது. இம்முயற்சிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். ஒரு பெயரைத் தவறாகத் துணிவதற்கும் சரியாகத் துணிவதற்கும் உள்ள வேற்றுமை ஒரு கண்டத்தின் உணவாயிற்று.

மாவுப்பூச்சி பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது வீட்டுச் செம்பருத்தியிலும் பப்பாளியிலுமே. ஆகவே, தோட்டத்தில் கண்டவர் சொந்தக் காரியமென்று விட்டுவிடாமல் அண்டைப் பயிர்க்காரருக்கும் அறிவிக்க வேண்டும். தாக்கப்பட்ட நுனிகளை ஒடித்து எரிக்கவும். தாக்குண்ட வயலிலிருந்து மரவள்ளிக் கரணை வாங்காதீர்கள். குளவி விட்ட இடத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

மாதிரி எடுத்துக் கேட்கும் முறை

நாமே காண இயலாத பெயரைக் கற்றோரிடம் கேட்க வேண்டும். கேட்பதற்கும் முறை உண்டு. வாடிய ஒற்றை இலையைச் சட்டைப் பையில் கொண்டு செல்வதால் பயனில்லை. பூவும், இயன்றால் காயும் உடைய ஒரு சாண் கிளையை வெட்டி, செய்தித்தாள் மடிப்புகளுக்கிடையே பரப்பி, சில இலைகளின் அடிப்பக்கம் தெரியும்படி வைத்து, மேலே பலகையும் கல்லும் ஏற்றவும். நாள்தோறும் தாளை மாற்றினால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் உலர்ந்துவிடும். பின்னர் 42 சென்டிமீட்டர் நீளமும் 28 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கெட்டித் தாளில் நூலால் தைத்து, எடுத்த தேதி, இடம், செடியின் உயரம், பூவின் நிறம், பால் அல்லது மணம், ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றை எழுதவும். உலர்ந்தால் நிறமும் மணமும் மறையும். ஆதலின் அவற்றை அன்றே எழுதிவிட வேண்டும்.

இக்காலத்தில் கைபேசியில் படமெடுத்தால் பெயர் சொல்லும் வசதிகள் வந்துள்ளன. அவை பயனுடையவையே. செடி முழுவதும், இலையின் இருபுறமும், பூவின் பக்கவாட்டமும், காயும் தனித்தனிப் படமாக எடுத்தால் விடை பெரும்பாலும் அண்மையில் வரும். ஆனால் அது ஓர் ஊகம் என்றே கொள்ளவேண்டும். கைபேசி சொன்னதை மட்டும் நம்பி எந்த இலையையும் கிழங்கையும் உண்ணலாகாது, ஆடுமாடுகளுக்கும் இடலாகாது.

சேலத்தார் நேரில் கேட்கச் சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகங்களும் உள்ளன. ஏற்காட்டில் இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையின் தோட்டம் 1963 முதல் உள்ளது. அத்துறையின் தென்மண்டலம் 1955-இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்டது; சென்னை மாகாணத்தில் சேகரித்த உலர்செடிகளின் பெருந்தொகுதி அங்கே காக்கப்படுகிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் தோன்றிய ராபினட் உலர்தாவரகமும் உண்டு. அதனை நடத்திய பாதிரியார் கே. எம். மாத்யூ நமது மலைகளிலும் சமவெளிகளிலும் நடந்து சேகரித்துத் தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைப் பற்றி 1980-களில் பெருநூல் வெளியிட்டார். 1915 முதல் 1936 வரை வெளிவந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலுக்குப் பின் இத்தகைய விரிவான பணி அதுவே. நமது வரப்பில் நிற்கும் செடிக்கு அங்கே பெயரும் குடும்பமும் எழுதப்பட்டிருக்கக்கூடும்.

சங்கம் செய்யக்கூடியது

இவ்வேலை ஒருவர் தனித்துச் செய்வதைவிடச் சங்கமாகச் செய்வதற்கே ஏற்றது. நாம் கூறும் யோசனை மிக எளியது. ஒவ்வொரு சங்கமும் ஒரு செடிப் பதிவேடு வைத்துக்கொள்ளலாம். மாதக் கூட்டத்தன்று அங்கத்தினர் தமக்குத் தெரியாத செடியின் கிளை ஒன்றைக் கொண்டுவரட்டும். வயதில் மூத்த பெண்மணிகளும் ஆடு மேய்ப்போரும் பல செடிகளை உடனே சொல்லிவிடுவர். அவர்கள் சொன்ன பெயரை எழுதி, உலர்த்திய கிளையை எதிர்ப்பக்கத்தில் தைத்து வைக்கலாம். அவர்களாலும் இயலாததை மேற்சொன்ன நிலையங்களுக்கு அனுப்பலாம். பெயர் உறுதியானதும், வெயில், நீர், மண், பருவம், நஞ்சு உண்டா இல்லையா என்ற ஐந்து குறிப்புகளையும் அதன்கீழ் எழுதுக. நஞ்சுச் செடியின் பக்கத்தில் சிவப்பு மையால் குறியிடுக. இதற்கு வேண்டுவன ஒரு கணக்குப் புத்தகமும் ஊசி நூலும் மட்டுமே.

இரண்டு ஆண்டுகளில் அப்பதிவேட்டில் நூறு செடிகள் சேருமாயின், அவ்வூரில் எவரும் கண்வலிக்கிழங்கை வள்ளிக்கிழங்கென்று சமைக்கமாட்டார்; கொழிஞ்சியை அவுரியென்று ஊறவைக்கமாட்டார்; பார்த்தீனியத்துக்கு நீர் ஊற்றமாட்டார். மரவள்ளியில் புதிய பூச்சி ஒன்று வந்தால், அது பழையதா புதியதா என்று முதல் வாரத்திலேயே கேட்பதற்கும் அவ்வூரில் ஆள் இருக்கும். வரும் கூட்டத்திலேயே இதனைத் தொடங்கி வைக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.